கடைசி அத்தியாயத்துக்குப் படம் இல்லை

படம் போட்டுத் தர மாட்டேன்னு போன்லயே சொல்லிட்டேன். அப்புறமும் இந்த வெயில்ல ஆதம்பாக்கம் வரைக்கும் வந்திருக்கீங்க. சரி, வந்தவங்களை வாசல்லயே நிக்க வெச்சா எங்க வீட்டம்மா என்னைச் சும்மா விட மாட்டா. உக்காருங்கம்மா. அந்த நாற்காலி வேண்டாம், அதுக்கு ஒரு கால் சரியில்லை. இப்படி இந்தப் பக்கமா வாங்க, எனக்கு வலது காது மந்தம். இடது காது நல்லாக் கேக்கும். நல்லான்னா, எனக்கு வேணுங்கறது கேக்கும்.

காபி வரும். குடிச்சிட்டுப் போங்க. படம் கிடையாது.

உங்க மேல கோவம் இல்லம்மா. நீங்க பதிப்பகத்துல வேலை பாக்குறீங்க. ‘மதகு திறந்த நாள்’ நாவலைப் படத்தோட புதுப் பதிப்பாப் போடணும்னு ஆசைப்படுறீங்க. நல்ல காரியம். ‘செவ்வல்லி’ பத்திரிகையில அது தொடரா வந்தப்ப நான் வாராவாரம் போட்ட படத்தையெல்லாம் எங்கெங்கயோ தேடிப் பிடிச்சிருக்கீங்க. அதுவும் நல்ல காரியம். கடைசி அத்தியாயத்துக்கு மட்டும் படம் இல்லை, அதைப் புதுசாப் போட்டுக் குடுங்கன்னு கேக்குறீங்க பாருங்க, அங்கதான் எனக்கு வயிறு எரியுது. ஏன் இல்லைன்னு யோசிச்சீங்களா? ஒரு வருஷம் அந்தக் கதையைத் தோள்ல தூக்கிச் சுமந்தவன் நான். கதை முடியற வாரத்துல, ‘படம் வேண்டாம் பாணி’ன்னுட்டாரு அதை எழுதின அந்த மனுஷன். ஏன்னு கேட்டேன். சிரிச்சாரு. அம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் ஆறலை.

பாணின்னா நான்தான். கோதண்டபாணிங்கற பேரைப் படத்துக்குக் கீழ எழுதினா படத்தை விடப் பேரு பெருசா இருக்குன்னு பத்திரிகை ஆசிரியர் சுருக்கிட்டாரு.

இதுல உங்க முன்னுரை வேற. அனுப்பி வெச்சீங்களே, படிச்சேன். படிச்சேன்னா, எங்க வீட்டம்மா சௌந்தரம் படிச்சுக் காட்டினா. ‘ஒரு வரி எழுதுவதற்கு முன்பே ஆலாலசுந்தரம் முழு நாவலையும் திட்டமிட்டு வைத்திருந்தார்.’ யாரும்மா உங்களுக்கு இதைச் சொன்னது? திட்டமாம் திட்டம்! அவர் பெரிய எழுத்தாளர்தான், நான் இல்லைன்னு சொல்லலை. தமிழ்நாடே அவர் கதைக்காக வெள்ளிக்கிழமை காத்துக்கிட்டு இருந்துச்சு. ஆனா செவ்வாய்க்கிழமை அவர் எதுக்காகக் காத்துக்கிட்டு இருப்பாரு தெரியுமா? என் படத்துக்காக.

இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு இது புரியாது, சொல்றேன். அப்பல்லாம் படத்தை பிளாக் செய்யணும். துத்தநாகத் தகட்டுல அமிலம் விட்டு அரிச்சு எடுக்கிற வேலை. அதுக்கு நாளாகும். எழுத்துன்னா ராத்திரியோட ராத்திரியா உக்காந்து அச்சுக் கோத்துடலாம். அதனால என்ன ஆகும்? படம் முதல்ல போகும், கதை பின்னால வரும். திங்கக்கிழமை காலையில ஆபீஸ்ல இருந்து, என் ரூமுக்குக் கீழ இருந்த மருந்துக்கடைக்கு போன் பண்ணுவாரு. கடைக்காரர் மாடியைப் பாத்துக் கத்துவாரு. நான் பனியனோட இறங்கி ஓடுவேன். ‘பாணி, இந்த வாரம் வஞ்சிக்கொடி கோயில்ல விளக்கு ஏத்துறா, பின்னால ஒருத்தன் மறைஞ்சு நிக்கிறான்’ம்பாரு. ‘யாரு அது?’ம்பேன். ‘நீ போடு, பாப்போம்’ம்பாரு. இதான் அவர் திட்டம். நான் படம் போட்டுக் குடுத்த பிறகு, அதை மேஜைக்கு எதிர்ல சுவத்துல குத்தி வெச்சு, பாத்துப் பாத்து எழுதுவாரு. நான் வானத்துல ரெண்டு மேகம் போட்டா அந்த வாரம் கதையில மழை.

என்ன சிரிக்கிறீங்க? நிஜம்மா. இன்னொண்ணு சொல்றேன், கேளுங்க.

வஞ்சிக்கொடி யாரு? பாளையக்காரர் மக, கதாநாயகி. முதல் வாரத்துல இருந்து அவ முகத்துக்கு ஏக வரவேற்பு. அது முழுக்க என் கற்பனை. யாரையும் பாத்துப் போடலை. ஓவியனுக்கு மனசுல ஒரு முகம் தோணும், அவ்வளவுதான். அந்த முகத்துல மூக்குக்கு ரெண்டு பக்கமும் சின்னதா ஒரு அழுந்தல் போட்டிருந்தேன். அழகுக்காகத்தான். மூணாவது வாரமே விருதுநகர்ல இருந்து ஒரு வாசகர் கடிதம் எழுதிட்டாரு. ‘பாளையக்காரர் காலத்தில் மூக்குக்கண்ணாடி உண்டா? இளவரசியின் மூக்கில் கண்ணாடித் தடம் இருக்கிறதே!’ ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு விட்டாரு. நான் போகலை, உடம்பு சரியில்லைன்னு சொல்லிட்டேன். ஆலாலசுந்தரம் என்ன பண்ணினாரு? அடுத்த வாரக் கதையிலயே, அவ சின்ன வயசுல வாள் பயிற்சிக்கு இரும்பு முகமூடி போட்டுப் போட்டு வந்த தழும்புன்னு எழுதிட்டாரு! முகமூடி வந்ததும் குரு வந்தாரு. குரு வந்ததும் குருவோட எதிரி வந்தான். ஆறு அத்தியாயம் ஓடிச்சு. எல்லாம் நான் வெச்ச ரெண்டு புள்ளியில இருந்து வந்தது. முன்கூட்டியே திட்டமிட்ட லட்சணத்தைப் பாருங்க.

என்ன சௌந்தரம்? இருமலா? தண்ணி குடி.

ஆபீசுக்கு ஏன் போகலைன்னு கேட்டீங்களா? கேக்கலையா? சரி, நானே சொல்றேன். நான் கூச்ச சுபாவம். அச்சுக்கூடம் கீழ, ஆசிரியர் குழு மாடியில. நான் படத்தைக் கீழயே குடுத்துட்டு வந்துடுவேன். மாடி ஏறினது அதுக்கு முன்னால ஒரே ஒரு தடவை, தொடர் ஆரம்பிக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னாடி, ஆயுத பூஜைக்கு. அன்னைக்கு யாரோ ஒரு பொண்ணு, கண்ணாடியைக் கழட்டி முந்தானையில தொடைச்சுக்கிட்டே, வாழை இலையில சுண்டல் வெச்சுக் குடுத்துச்சு. அதை எதுக்குச் சொல்றேன்னா, சுண்டல் நல்லா இருந்துச்சு. அப்புறம் மாடிப்பக்கமே போகலை. போக வேண்டிய அவசியம் வரலை.

வந்தது, கோடைக்காலத்துல.

ஒரு திங்கக்கிழமை போன் வந்துச்சு. ‘பாணி, இந்த வாரம் வஞ்சிக்கொடி மதகுல குதிக்கிறா. ஏரி நிறைஞ்சு இருக்கு, தண்ணி சுழிக்குது. கரையில யாரும் இல்ல. அவ கூந்தல் மட்டும் தண்ணிக்கு மேல மிதக்குது. போட்டுடு’ன்னாரு. ‘என்ன சார் சொல்றீங்க?’ங்கறேன். ‘கூந்தலை மட்டும் நல்லாப் போடு’ன்னுட்டு வெச்சிட்டாரு.

ரூமுக்கு வந்து உக்காந்தேன். தாளை எடுத்தேன். ஏரி வந்துச்சு, மதகு வந்துச்சு, சுழி வந்துச்சு. கூந்தல் வரலை. அரை வருஷம் வாராவாரம் நான் வரைஞ்ச முகம்மா அது. தண்ணிக்குள்ள எப்படித் தள்ளுவேன்? சொன்னாச் சிரிப்பீங்க, எனக்கு அன்னைக்குச் சோறு இறங்கலை. எதிர்த்த மெஸ்ல வத்தக்குழம்பு, நான் விடவே மாட்டேன், அதையே தொடலை. இது முழுக்கக் கலை சம்பந்தப்பட்ட விஷயம். ஒரு நல்ல முகத்தை அப்படி வீணாக்கக் கூடாது. அவ்வளவுதான்.

அப்புறம் போட்டேன். அவர் சொன்னதை இல்ல. அவ மதகு மேல நிக்கிறா, குதிக்கப் போறா, படத்தோட ஓரத்துல இருந்து ஒரு கை வந்து அவ மணிக்கட்டைப் பிடிச்சிருக்கு. கை மட்டும்தான். ஆள் இல்லை. யாரு, என்னன்னு நான் யோசிக்கவே இல்லை. கைக்கு மாதிரி வேணும், ரூம்ல வேற யாரு இருக்கா? என் இடது கையைப் பாத்துப் போட்டேன். எல்லா ஓவியனும் அப்படித்தான் செய்வான்.

அதை எடுத்துக்கிட்டு நேரா ஆபீசுக்குப் போனேன். கீழ குடுக்கலை. மாடி ஏறினேன். சட்டைப் பொத்தானைக்கூட மாத்திப் போட்டிருந்தேனாம். எனக்குத் தெரியலை, பின்னால சொல்லித்தான் தெரியும். ஹால்ல எல்லாரும் உக்காந்திருக்காங்க. ஆலாலசுந்தரம் ஜன்னலோரம். அவருக்குப் பக்கத்து மேஜையில புரூஃப் பாக்குற பொண்ணு. இப்ப உள்ள காபி போடுறாளே, அவதான். அப்ப எனக்கு அவ யாரோ.

நான் படத்தை அவர் மேஜையில போட்டு, ‘அவ சாகக் கூடாது!’ன்னு கத்திட்டேன். கத்தணும்னு நினைக்கலை, அப்படி வந்துடுச்சு. அவர் மெதுவா நிமிர்ந்து பாத்து, ‘எவ?’ன்னு கேட்டாரு.

எவன்னு கேக்குறாரும்மா! அரை வருஷமா எழுதுறாரு, சொந்தக் கதாநாயகி யாருன்னு மறந்து போச்சு. கேட்டுட்டு என்னைப் பாக்குறாரு, பக்கத்து மேஜையைப் பாக்குறாரு, மறுபடி என்னைப் பாக்குறாரு. ஹால் முழுக்க அப்படியே பாக்குது. எனக்கு ஒண்ணும் புரியலை. ‘வஞ்சிக்கொடி சார், வஞ்சிக்கொடி’ன்னேன். ‘ஓ, அவளா’ன்னாரு. யாரோ பின்னால களுக்குன்னு சிரிச்சாங்க. புரூஃப் பாக்குற பொண்ணு கண்ணாடியைக் கழட்டித் தொடைக்க ஆரம்பிச்சிடுச்சு. அதுக்கு என்ன வந்துச்சோ.

அப்புறம் படத்தை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சாரு. ‘யாரு கை இது, பாணி?’ ‘எனக்கென்ன தெரியும் சார், யாரோ ஒருத்தன் கை. எழுதுறவர் நீங்க.’ ‘நம்ம கதையில வர்ற தளபதி கையா?’ ‘இருக்கலாம்.’ ‘தளபதி கைக்கு நகத்துல மைக்கறை எதுக்கு?’ பாத்தா, ஆமா. என் இடது கையில இருந்த கறையை அப்படியே போட்டிருக்கேன். அவர் ரொம்ப நேரம் அந்தக் கையையே பாத்துட்டு, ‘சரி, அரண்மனைச் சுவத்துல சித்திரம் எழுதுற ஒருத்தன் இருந்தான்னு வெச்சுக்குவோம்’ன்னாரு. அதுவரைக்கும் கதையில சித்திரக்காரன் கிடையாதும்மா! அந்த நிமிஷம் பொறந்தவன். ஊர் பூரா ரசிச்ச பாத்திரம். அவ உசுரைக் காப்பாத்தினவன்.

நியாயமா அவளைக் காப்பாத்தினது யாரு? நீங்களே சொல்லுங்க.

அந்த வருஷம் ஆவணியில எனக்குக் கல்யாணம் ஆச்சு. அது நம்ம பேச்சுக்குச் சம்பந்தம் இல்லை. ஆலாலசுந்தரம்தான் முன்ன நின்னு ரெண்டு வீட்லயும் பேசி முடிச்சாரு. அந்த ஹால்ல இருந்தவங்க அத்தனை பேரும் பந்தியில உக்காந்து சாப்பிட்டு, என்னைப் பாத்துப் பாத்துச் சிரிச்சாங்க. கல்யாண மாப்பிள்ளைன்னா நாலு பேர் கேலி பண்ணத்தான் செய்வாங்க, நான் கண்டுக்கலை.

அடுத்து தீபாவளி. கதை முடியுது. கடைசி வாரம். நான் போனுக்காக மருந்துக்கடையிலயே உக்காந்திருக்கேன். வரலை. நேரா ஆபீசுக்குப் போனா, ‘கடைசி அத்தியாயத்துக்குப் படம் வேண்டாம் பாணி.’ சிரிப்பு. அன்னைக்கு வீட்டுக்கு வந்து நான் குதிச்ச குதிக்கு ஓடு பறந்திருக்கணும். இவ ரசஞ்சாதத்தைப் போட்டுட்டுப் போய்ட்டா.

வெள்ளிக்கிழமை பத்திரிகை வந்துச்சு, படிச்சேன். என்ன இருக்கு அதுல? பல வருஷம் கழிச்சு வஞ்சிக்கொடி மதகுல உக்காந்து, மகளுக்குப் பழைய கதை சொல்றா. ‘அவர் சொன்னார்’, ‘அவர் வந்தார்’, ‘அவர் சிரித்தார்.’ எவரு? தளபதியா, சித்திரக்காரனா? ஒரு இடத்துலயாவது புருஷன் பேரு இருக்கா? கிடையாது. கதாநாயகன் பேரைப் போட மறந்துட்டாரும்மா! இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? என் படம் இருந்திருந்தா முகத்தைப் பாத்தாவது ஆளைத் தெரிஞ்சுக்கிட்டு எழுதியிருப்பாரு. படமில்லாம எழுதினாரு, பேரே விட்டுப் போச்சு.

அதனால சொல்றேன், கேட்டுக்குங்க. முன்னுரையில அந்தத் திட்டம்ங்கற வரியை எடுங்க. ‘வஞ்சிக்கொடி சாக வேண்டியவள், ஓவியர் பாணி காப்பாற்றினார்’னு ஒரு வரி அச்சுல போடுங்க. நான் படம் போட்டுத் தர்றேன். இல்லைன்னா காபியைக் குடிச்சிட்டு...

வந்துட்டா. வெச்சிட்டுப் போ சௌந்தரம். என்ன நிக்கிற?

என்ன சொல்றா? நீங்க கொஞ்சம் சொல்லுங்கம்மா, அவ இந்தக் காதுப் பக்கம் நிக்கிறா. அச்சுல போடக் கூடாதா? ஏனாம்? தப்பாம். என்ன தப்பு? சௌந்தரம், இந்தப் பக்கம் வந்து சொல்லு.

கடைசி அத்தியாயமா? அது... என்ன? அதுதான் முதல்ல எழுதினதா?

இருங்கம்மா, இருங்க. நான் சரியாக் கேட்டேனா? முதல் அத்தியாயம் வர்றதுக்கு முன்னாடியே கடைசி அத்தியாயத்தை எழுதிக் குடுத்து, அச்சுக் கோத்து, கயிறு கட்டி, அச்சுக்கூடத்து மூலையில ஒரு வருஷம் வெச்சிருந்தாராம். ஈய எழுத்தையெல்லாம் முடக்கி வெச்சுட்டாரேன்னு ஃபோர்மேன் கூட முணுமுணுத்தாராம். புரூஃப் பாத்தது இவளாம். ஒரு எழுத்து மாத்தலையாம் அப்புறம்.

அப்ப வஞ்சிக்கொடி சாகவே போறதில்லை! மக, மதகு, எல்லாம் முதல்லயே இருந்துச்சு! உனக்குத் தெரியும்! நான் வந்து கத்தினப்பவும் தெரியும்!

யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு ஆலாலசுந்தரம் ஐயாகிட்ட வாக்குக் குடுத்தாளாம். சரி, அவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆச்சே? நான் இதை ஊர் பூராச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே? என்ன சொல்றா பாருங்க. ‘நீங்க சந்தோஷமாச் சொல்லிட்டு இருந்தீங்க, வாய்ப்பேச்சுதானேன்னு விட்டேன். அச்சுல வர்றதுன்னா விட முடியாது’ங்கறா. புரூஃப் பாத்த புத்தி எங்க போகும்!

அப்ப படம் ஏன் வேண்டாம்னாரு? அதையும் கேளுங்க. நான் எதிர்ல எதை வெச்சாலும் அவர் அது பின்னாலயே போயிடுவாராம். நடுவுல எப்படி வேணாப் போகட்டும், போய்ச் சேர்ற இடத்தை மட்டும் படம் போடுற ஆள் கையில குடுக்கக் கூடாதுன்னு வெச்சிருந்தாராம். என் மேல கோவம் இல்லையாம். பயமாம். எழுத்தாளருக்கு என் மேல பயம்! இதை அப்பவே சொல்லியிருந்தா எனக்கு எவ்வளவு வயித்தெரிச்சல் மிச்சம் ஆகியிருக்கும்.

அது சரி, பேரு? புருஷன் பேரு மறந்தது மறந்ததுதானே?

மறக்கலையா?

இரு, மெதுவாச் சொல்லு. ‘ஆள் யாருன்னு எனக்கே தெரியாது சௌந்தரம். வர்றவன் வரட்டும். பொண்டாட்டி புருஷன் பேரைச் சொல்ல மாட்டா, அதனால அவர்னே இருந்துட்டுப் போகட்டும்.’ அப்படியா சொன்னாரு? அந்த மனுஷனா?

அப்படின்னா அந்தத் திங்கக்கிழமை எதுக்கு எனக்கு போன் பண்ணி அப்படிச் சொன்னாரு? கூந்தல் மிதக்குதுன்னு எதுக்குச் சொன்னாரு? சொல்லேன். என்ன, இந்தம்மா முன்னாடி சொல்ல வெக்கமா? இந்த வயசுலயா? சொல்லு.

போனை வெச்சிட்டு இவ மேஜைக்கு வந்து, ‘இன்னைக்கோ நாளைக்கோ உன் ஓவியன் மாடி ஏறுவான், பாரு’ன்னாராம்.

உன் ஓவியன்.

கொஞ்சம் இருங்கம்மா. இந்தக் காபி ஆறிப் போச்சு.

சௌந்தரம், உனக்கு அன்னைக்கே தெரியும் அவ சாக மாட்டான்னு. நான் பொத்தானை மாத்திப் போட்டுக்கிட்டு ஒரு பைத்தியக்காரன் மாதிரி நின்னேன். உனக்குச் சிரிப்பு வரலையா?

என்ன சொல்றா? நீங்க கேட்டீங்களா? எனக்குக் கேட்டுச்சு, இருந்தாலும் நீங்க ஒரு தடவை சொல்லுங்க. ஆமா. ‘இந்த முகம் சாகக் கூடாதுன்னு ஊருக்கே கேக்குற மாதிரி கத்த ஒரு ஆள் வந்தாரேன்னு அழுகை வந்துச்சு’ங்கறா. கண்ணாடியைத் தொடைச்சது அதுக்குத்தானாம். நான் தூசின்னு நினைச்சேன்.

சரிம்மா. உங்க முன்னுரையில அந்த வரி இருக்கட்டும். திட்டம் போட்டாரு. நல்லாவே போட்டிருக்காரு, கதைக்கும் போட்டிருக்காரு, எனக்கும் போட்டிருக்காரு. நான் காப்பாத்தினேன்னு எழுத வேண்டாம். ஆனா ஒண்ணு, அந்தக் கை அவர் திட்டத்துல இல்லை. யாரு வருவான்னு அவருக்கும் தெரியாது, அவரே சொல்லியிருக்காரு. அது என் கை. அதை மட்டும் எங்கயாவது ஒரு ஓரத்துல போட்டுக்குங்க. சௌந்தரம், இது அச்சுல வரலாமா? தப்பு இல்லையே? தலையாட்டுறா. வரலாமாம்.

அந்தப் பலகையை எடுங்கம்மா. மேஜை மேல இருக்கு பாருங்க, தாளும் அங்கதான். கை கொஞ்சம் நடுங்கும், பரவாயில்லை, அவளுக்கும் வயசாகியிருக்கு கடைசி அத்தியாயத்துல, கோடு நடுங்கினா பொருத்தமாத்தான் இருக்கும். நீங்க இருந்து வாங்கிட்டே போங்க, வெளிச்சம் இருக்கு.

சௌந்தரம், உள்ள போகாத. இங்க ஜன்னல்கிட்ட உக்காரு. உன்னைப் பாத்துப் போடறதுக்கு இல்ல, அந்த முகம் முழுக்கக் கற்பனை, அதுல மாத்தமே கிடையாது. சும்மா உக்காரு.

கண்ணாடியை மட்டும் கழட்டு.